பேய்ப்படங்களுக்குப் புதியவரா? இந்த வரிசையில் பாருங்கள்

சமீபத்தில் வந்ததில் எது ரொம்பப் பயமுறுத்தும் என்று விசாரித்துக்கொண்டுதான் பலரும் பேய்ப்படங்களுக்குள் நுழைகிறார்கள். முதல் படத்தில் தூக்கம் போகும். ஐந்தாவது படத்தில் கதவு மெல்லத் திறக்கும்போதே அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும். "எல்லாம் ஒரே மாதிரிதான் எடுக்கிறார்கள்" என்று சலித்துப்போய் அதோடு விட்டுவிடுவார்கள்.

அந்தச் சலிப்பு நியாயமானதுதான். நூறு வருடமாக இந்த வகைப் படங்களை மாற்றிக்கொண்டே வந்திருப்பதும் அதுதான். ஓர் உத்தி மக்களுக்குப் பழகிவிட்டால் அதை வைத்து அவர்களைப் பயமுறுத்த முடியாது. எடுப்பவர் வேறு வழி தேடியே ஆகவேண்டும். காதல் படத்துக்கு இந்த நெருக்கடி இவ்வளவு கிடையாது. முடிவு தெரிந்த காதல் கதைக்கு மறுபடியும் அழுவோம். எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தபடி வரும் பேய்க்கு யாரும் அலறுவதில்லை. ஒவ்வொரு நல்ல திகில் படமும் அதற்கு முந்தைய படங்களிலிருந்து நாம் என்ன கற்றுவைத்திருக்கிறோம் என்று கணக்குப் போட்டுத்தான் எடுக்கப்படுகிறது. அந்தப் பழைய பாடம் நம்மிடம் இல்லையென்றால் புதிய படத்தில் பாதி விஷயம் நம்மைத் தொடாமலே போய்விடும்.

அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். கீழே முக்கியமாகப் பார்க்கச் சொல்பவை மொத்தம் பதினைந்து படங்களுக்குள்தான் வரும். வாரம் ஒன்று பார்த்தால்கூட நாலு மாதத்தில் முடித்துவிடலாம்.

தொடங்கும் முன் சில ஏற்பாடுகள்

நல்ல ஹெட்போன் வேண்டும். இந்தப் படங்களில் பயத்தின் பெரும்பகுதி காது வழியாகத்தான் உள்ளே போகிறது. லேப்டாப் ஸ்பீக்கரில் பார்த்துவிட்டு "பயமே வரவில்லை" என்றால் அது படத்தின் குற்றம் ஆகாது. விளக்கை அணைத்துவிடுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். டிரெய்லர் பார்க்க வேண்டாம். முக்கியமான காட்சிகளை அதிலேயே காட்டிவிடுகிறார்கள்.

பயம் தாங்கவில்லை என்றால் கண்ணை மூடாதீர்கள், சத்தத்தைக் குறையுங்கள். கண்ணை மூடினால் மனசு தானாக இன்னும் மோசமானதைக் கற்பனை செய்துகொள்ளும். சத்தம் குறைந்தால் அதே காட்சி சட்டென்று சாதுவாகிவிடும். இதில் பல படங்கள் பெரியவர்களுக்கு மட்டுமானவை. வீட்டில் குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.

ஒவ்வொரு படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் எதை எதிர்பார்ப்பேன் என்று இந்தப் படம் நினைத்தது? இரண்டு வரியில் எங்காவது எழுதி வைத்தால் போதும்.

படி 1: நிழலிலிருந்து ஆரம்பியுங்கள்

முதல் படம் ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. முர்னாவ் 1922-ல் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'. ஊமைப்படம் என்று தள்ளிவிடாதீர்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்த படம் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு பின்னணி இசை மாறும். பிடிக்காவிட்டால் வேறு பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை உரிமை வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்துவிட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை எல்லாம் அழிக்கவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிப் பிழைத்த சில பிரதிகளால்தான் இன்று நம்மால் பார்க்க முடிகிறது. மாடிப்படியில் கூன் விழுந்த நிழல் ஒன்று ஏறிப்போகும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். ஆள் தெரியமாட்டான், நீண்ட விரல்களின் நிழல் மட்டும் கதவை நோக்கிப் போகும். வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி அழிந்துபோகும் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அதுவும் நாவலில் கிடையாது. இந்தப் படம் கொடுத்த விதி அது. இப்படி ஒரு படம் போட்ட விதியை அடுத்த படம் எடுத்துக்கொள்ளும், அதற்கடுத்தது உடைக்கும். இந்த வரிசை முழுக்க இதைப் பார்ப்பீர்கள்.

ஹாலிவுட்டின் 'டிராகுலா'வும் 'ஃபிராங்கன்ஸ்டைன்'னும் 1931-ல் வந்தவை. நேரம் இருந்தால் இரண்டாவதைப் பாருங்கள்; போரிஸ் கார்லாஃப் முகம்கூட அசையாமல் கண்ணாலேயே பரிதாபத்தை வரவழைப்பார். நேரம் இல்லையென்றால் தாண்டிப்போகலாம்.

படி 2: காட்டாமலே பயமுறுத்துவது

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த படம் 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்'. பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆர்கேஓ நிறுவனம் தயாரிப்பாளர் வால் லியூட்டனிடம் தலைப்பையும் குறைந்த பட்ஜெட்டையும் கொடுத்து, இதற்கு ஒரு படம் எடுத்துக்கொடு என்றது. மிருகமாக மாறும் பெண்ணைப் பற்றிய கதை. மாற்றத்தைத் திரையில் காட்டப் பணம் இல்லை. காட்டுவதில் லியூட்டனுக்கும் இயக்குநர் ஜாக் டூர்னருக்கும் விருப்பமும் இல்லை.

ராத்திரி. ஒரு பெண் பூங்காச் சுவரை ஒட்டிய நடைபாதையில் தனியாகப் போகிறாள். பின்னால் இன்னொருத்தி வருகிறாள். பின்னணி இசையே கிடையாது. இரண்டு ஜோடி ஹீல்ஸ் சத்தம் மட்டும். தெருவிளக்கு வெளிச்சம், இருட்டு, மறுபடி வெளிச்சம். திடீரென்று பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடை வேகமாகி ஓட்டமாகிறது. சிறுத்தை சீறுவதுபோல ஒரு சத்தம். அதே நொடியில் திரைக்குள் சர்ரென்று வந்து நிற்கிறது ஒரு பஸ். சீறியது அதன் பிரேக்தான்.

திடீரென்று ஒன்றைக் காட்டியோ சத்தம் போட்டோ திடுக்கிட வைப்பதை இன்று 'ஜம்ப் ஸ்கேர்' என்கிறோமே, அதற்குத் தாத்தா இந்தக் காட்சி. சினிமாக்காரர்கள் இந்த உத்தியையே 'லியூட்டன் பஸ்' என்று சொல்கிறார்கள். காட்சியை ஒருமுறை சத்தத்தோடும் ஒருமுறை மியூட் செய்தும் பாருங்கள். ஒரு பெண் நடக்கிறாள், பஸ் வருகிறது, அவ்வளவுதான் படத்தில் இருக்கிறது. மீதி எல்லாம் ஒலியும், படத்தொகுப்பில் அவர்கள் காத்திருந்த நேரமும். இதை ஒருதரம் புரிந்துகொண்டால் பிற்பாடு வரும் எந்த ஜம்ப் ஸ்கேரிலும் எது உழைத்து எடுத்தது, எது சும்மா சத்தம் போடுவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 3: 'சைக்கோ'

அதுவரை பெரும்பாலும் பேய் தூரத்தில் இருந்தது. பழைய கோட்டை, பனிமூட்டம், வேற்றுநாட்டுப் பிரபு. 1950-களின் கடைசியில் இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனம் அதே கோட்டைகளைக் கலரில் எடுத்து ரத்தத்துக்குச் சிவப்பு கொடுத்தது. 1960-ல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றுக்குள் திகிலைக் கொண்டுவந்தார். அதுவும் கறுப்பு வெள்ளையில், தன்னுடைய டிவி தொடரின் குழுவை வைத்து, சிக்கனமாக.

அலுவலகத்தில் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடும் பெண்ணாக ஜேனட் லீ. பெரிய நட்சத்திரம். பணம் என்ன ஆகும், மாட்டிக்கொள்வாளா என்று நாம் கவலைப்படும்போது, பாதிப்படம்கூட ஆகாத நிலையில் குளியலறையில் அவரைக் கொன்றுவிடுகிறார் ஹிட்ச்காக். கதாநாயகி கடைசிவரை இருப்பாள் என்ற நம்பிக்கையை வைத்தே நம்மை அடித்த அடி அது. படம் தொடங்கியபிறகு யாரையும் தியேட்டருக்குள் விடக்கூடாது என்று அவர் கறாராகச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது: தாமதமாக வருகிறவர் ஜேனட் லீ எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்.

அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் வயலின்கள் கிரீச்சிடும் இசையை எழுதிக் காட்டியதும் மனம் மாறினார். படம் முழுக்கத் தந்திக் கருவிகள் மட்டும்தான். ரத்தமாக ஓடுவது சாக்லேட் சிரப்.

படி 4: காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள்

பிட்ஸ்பர்க் பக்கம் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமெரோவும் நண்பர்களும் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த படம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968). விநியோகஸ்தர் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையில் இருந்த பதிப்புரிமைக் குறிப்பும் சேர்ந்து போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதோடு உரிமையும் போனது. எடுத்தவர்களுக்குப் பெரிய இழப்பு. ஆனால் யார் வேண்டுமானாலும் திரையிடலாம் என்பதால் படம் ஊர் ஊராகப் பரவியது. செத்தவர்கள் எழுந்து கூட்டமாக மெதுவாக நடந்துவருவது, மனித மாமிசம் தின்பது, தலையில் அடித்தால்தான் விழுவது, எல்லாம் இங்கிருந்து பரவியவை. படத்தில் 'ஸோம்பி' என்று யாரும் சொல்வதே இல்லை.

நாயகன் டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில் வந்த படம். வசனத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. பார்த்துவிட்டு அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

இதே காலத்தின் மற்ற இரண்டு பெரிய படங்கள் 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973), 'தி டெக்சஸ் செயின் சா மஸாக்கர்' (1974). முதலாவதில் நடிகர்களின் மூச்சு புகையாகத் தெரிவதற்காக அந்தப் படுக்கையறை செட்டையே குளிரூட்டி உறைய வைத்தார் வில்லியம் ஃபிரீட்கின். மத நம்பிக்கை ஆழமாக உள்ளவர்களை இந்தப் படம் உலுக்கிவிடும். மனம் தயாராக இல்லையென்றால் பிறகு பார்க்கலாம், வரிசை கெட்டுப்போகாது. இரண்டாவதன் பெயர் பயங்கரமாக இருந்தாலும் திரையில் ரத்தம் குறைவுதான். வெயிலும் வியர்வையும் இரைச்சலும் சேர்ந்து மூச்சுமுட்ட வைக்கும்.

படி 5: இரண்டு படத்தை ஜோடியாகப் பாருங்கள்

'ஹாலோவீன்' (1978), 'ஸ்க்ரீம்' (1996). கட்டாயம் இந்த வரிசையில், முடிந்தால் ஒரே வாரத்தில். மாற்றிப் பார்த்தவர்களுக்கு 'ஹாலோவீன்' சப்பென்று தெரியும். அது கண்டுபிடித்ததை எல்லாம் 'ஸ்க்ரீம்' அவர்களுக்கு முன்பே விளக்கிச் சொல்லியிருக்கும்.

ஜான் கார்பென்டர் மூன்று லட்சம் டாலர் அளவிலான பட்ஜெட்டில் எடுத்தது 'ஹாலோவீன்'. கொலைகாரன் போட்டிருப்பது கடையில் வாங்கிய 'ஸ்டார் டிரெக்' கேப்டன் கர்க் முகமூடி. வெள்ளை அடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டார்கள். கதாநாயகி ஜேமி லீ கர்டிஸ், 'சைக்கோ' ஜேனட் லீயின் மகள். இசையும் கார்பென்டரே போட்டார். இசையும் ஒலிகளும் சேர்க்காமல் ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் படத்தைக் காட்டியபோது அவருக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை என்று கார்பென்டரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அதன்பிறகுதான் உட்கார்ந்து இசையில் வேலை செய்தார். பட்டப்பகலில், துணி காயும் கொடிகளுக்கு நடுவே அவன் நின்று பார்க்கும் இடத்தைக் கவனியுங்கள். ஒரு நொடி இருப்பான், அடுத்த நொடி இருக்கமாட்டான். அகலமான திரையின் ஓரங்களை நம் கண் தானாகவே தேடத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் இந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து முகமூடிக் கொலைகாரன் படங்கள் வரிசைகட்டி வந்தன. விடுமுறைக்குப் போகும் இளைஞர்கள், ஒவ்வொருவராகச் சாவு, கடைசியில் ஒரே ஒரு பெண் பிழைத்து எதிர்த்து நிற்பது. அந்தப் பெண்ணுக்கு 'ஃபைனல் கேர்ள்' என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் கரோல் குளோவர் என்ற பேராசிரியர். பத்து வருடத்தில் மக்களுக்கு எல்லாம் மனப்பாடம்.

அந்த மனப்பாடத்தை வைத்தே வெஸ் கிரேவன் 'ஸ்க்ரீம்' எடுத்தார். அதில் வரும் இளைஞர்கள் இந்தப் படங்களை எல்லாம் பார்த்தவர்கள். தப்பிக்க என்னென்ன செய்யக்கூடாது என்று பட்டியலே போடுவார்கள். அவர்கள் கூடியிருக்கும் வீட்டு டிவியில் 'ஹாலோவீன்' ஓடிக்கொண்டிருக்கும். முதல் காட்சியில் நட்சத்திர நடிகை ட்ரூ பாரிமோருக்கு நடப்பதைப் பாருங்கள். 36 வருடம் முன்பு 'சைக்கோ' செய்ததை இன்னும் வேகமாகச் செய்திருக்கிறார்கள். மூன்றாவது படியைத் தாண்டிவந்தவருக்குத்தான் அதன் முழுச் சுவையும் கிடைக்கும்.

படி 6: ஜப்பானும் கையில் பிடித்த கேமராவும்

அமெரிக்கா தன்னையே கிண்டல் செய்துகொண்டிருந்தபோது ஹிதேயோ நகாடா 1998-ல் 'ரிங்கு' எடுத்தார். ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தவர் ஏழு நாளில் சாவார். அமெரிக்க ரீமேக்கை முதலில் பார்க்க வேண்டாம். ஜப்பானியப் படத்தையே சப்டைட்டிலோடு பாருங்கள்.

படத்தில் வரும் பேய் சடாகோவின் தோற்றம், முகத்தை மறைத்த நீளக் கூந்தல், வெள்ளை உடை, எதுவும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய எடோ காலத்து ஓவியங்களிலேயே ஜப்பானியப் பேய்கள் அப்படித்தான். அந்தப் பழைய உருவத்தை டிவிப் பெட்டியோடு சேர்த்துவைத்ததில்தான் நகாடாவின் திறமை இருக்கிறது. சடாகோவாக நடித்த ரியே இனோ கபுகி நாடகப் பயிற்சி பெற்றவர். அவரைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படம்பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டினார்கள். அதனால்தான் முன்னால் வரும்போது கையும் காலும் எங்கேயோ தப்பாக அசைகின்றன. என்ன தப்பு என்று நம்மால் சொல்ல முடியாது, உடம்பு சிலிர்க்கும். திடுக்கிட வைக்கும் அவசரம் அதில் இல்லை. அவள் மெதுவாகத்தான் வருகிறாள்.

மறுவருடம் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்'. மேரிலாந்துக் காட்டில் மூன்று நடிகர்கள் கையில் கேமராவைக் கொடுத்து அவர்களையே எடுக்கச் சொன்னார்கள். காணாமல்போனவர்களின் உண்மையான டேப் என்பதுபோல இணையதளமும் 'காணவில்லை' போஸ்டர்களும் போட்டு விளம்பரம் செய்தார்கள். நம்பிப் போனவர்கள் ஏராளம். வசூல் உலகெங்கும் கிட்டத்தட்ட 25 கோடி டாலர். அந்த நம்பிக்கை இன்று நமக்கு இல்லாததால் படத்தின் பலமும் பாதி போய்விட்டது. ஆகவே இந்த வகையில் ஒன்று மட்டும் பார்ப்பதானால் ஓரென் பெலி தன் சொந்த வீட்டிலேயே 15,000 டாலரில் எடுத்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யைச் சொல்வேன். படுக்கையறை மூலையில் அசையாத கேமரா. காதலர்கள் இருவர் தூங்குகிறார்கள். கீழே கடிகாரம் வேகமாக ஓடி, சட்டென்று சாதாரண வேகத்துக்கு வருகிறது. ஏதோ நடக்கப்போகிறது. அறைக் கதவு கொஞ்சூண்டு அசைகிறது. திரை முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தேடுவது நம் கண்தான்.

படி 7: நம் ஊர்ப் படங்கள்

தமிழில் பேய் வீட்டுக்கு வந்த வழி வேறு. 'சந்திரமுகி' (2005), 'காஞ்சனா' (2011) இரண்டும் குடும்பத்தோடு பார்க்கும் கூட்டத்துக்காகத் திகிலையும் சிரிப்பையும் கலந்தவை. அநியாயமாகச் செத்தவர், இரண்டாம் பாதியில் ஃப்ளாஷ்பேக், கடைசியில் பழிவாங்கல் என்ற பாடத்தை 'காஞ்சனா'வும் அதன் வழியில் வந்தவையும் நமக்கு நன்றாகவே புகட்டிவிட்டன. இதை எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

அடுத்து மூன்று படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். விக்ரம் கே. குமாரின் 'யாவரும் நலம்' (2009): புது அபார்ட்மென்ட், டிவி சீரியலில் நடப்பதெல்லாம் வீட்டிலும் நடக்கிறது. 'ரிங்கு' பார்த்துவிட்டு வந்தால் டிவிப் பெட்டியை இரண்டும் எவ்வளவு வித்தியாசமாகப் பயன்படுத்துகின்றன என்று புரியும். நம் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் சீரியலையே திகிலாக்கியது அபாரம். கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (2012) பற்றிப் படிக்காமல் நேரே பாருங்கள். மிஷ்கினின் 'பிசாசு' (2014)-ஐக் கடைசியாக வையுங்கள். பேய் என்றால் பழிவாங்கத்தான் வந்திருக்கும் என்று நாம் கற்றுவைத்திருப்பதையே அது கையில் எடுத்துக்கொள்கிறது. தமிழ்ப் பேய்ப்படம் ஒன்று பார்வையாளரின் மனசை இவ்வளவு மரியாதையோடு நடத்தியது எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

படி 8: இன்றைய படங்கள்

இப்போது நீங்கள் தயார். முதலில் ஜேம்ஸ் வானின் 'தி கான்ஜுரிங்' (2013). பழைய வீடு, அலமாரி, பொம்மை, எல்லாம் தெரிந்த சாமான்கள். ஆனால் சத்தம் எப்போது வரும் என்று நாம் போடும் கணக்கைவிட அரை நொடி முன்னேயோ ரொம்பத் தாமதமாகவோதான் கொடுப்பார். கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டல் கேட்டுத் தேடும் விளையாட்டில் லியூட்டனின் பஸ் ஞாபகம் வரும். அவரே 2004-ல் தொடங்கிவைத்த 'சா' வரிசையை இப்போதைக்கு விட்டுவிடலாம். முதல் படம் கெட்டிக்காரத்தனமானது, தொடர்ந்து வந்தவற்றில் வலியைத் தவிரக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

பிறகு ஆரி ஆஸ்டரின் 'ஹெரிடிட்டரி' (2018). வீட்டில் சாவு விழுந்த குடும்பம். மகன் இருட்டு அறையில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஒரு காட்சி வரும். இசை எதுவும் எச்சரிக்காது. கேமரா எதையும் சுட்டிக்காட்டாது. மேல் மூலையில், சுவரும் கூரையும் சேரும் இடத்தைப் பாருங்கள். முதல்தரம் பார்க்கும்போது பலர் தவறவிடுவார்கள். 'ஹாலோவீன்' பழக்கிய கண்ணும் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' பழக்கிய பொறுமையும் இருப்பவருக்கு அது சட்டென்று அகப்படும். அப்போது வரும் பயத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் துக்கத்தில் இருப்பவர்கள் இந்தப் படத்தைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' (2017). சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் வாங்கிய படம். வெள்ளைக்காரக் காதலியின் வீட்டுக்கு வார இறுதியில் விருந்துக்குப் போகும் கறுப்பின இளைஞன். இறுதிக் காட்சியில் சாலையில் ஒரு கார் வரும், சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் சுழலும். பெரும்பாலான பழைய திகில் படங்களில் போலீஸ் வண்டி வந்துவிட்டால் நிம்மதி. இங்கே அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கும். 1968 படத்தின் முடிவு ஞாபகம் இருந்தால் இன்னும் அதிகமாகக் கலங்கும்.

இதற்குப் பிறகு உங்களுக்குப் பிடித்த கிளையைப் பிடித்துக்கொண்டு போகலாம். 'ரிங்கு' பிடித்தவர்கள் கியோஷி குரோசாவாவின் 'பல்ஸ்' (2001), கொரியாவின் 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' (2003) பக்கம் போங்கள். உடம்பு உருமாறும் பயங்கரம் தாங்குமென்றால் கார்பென்டரின் 'தி திங்' (1982). கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாமல் ராப் பாட்டின் என்ற ஒப்பனைக் கலைஞர் ரப்பரிலும் பசையிலும் செய்ததை இன்றைக்கும் மிஞ்சுவது கஷ்டம். 'கேட் பீப்பிள்' பிடித்திருந்தால் அதே லியூட்டனும் டூர்னரும் அடுத்து எடுத்த 'ஐ வாக்ட் வித் எ ஸோம்பி' (1943). ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், அவ்வளவுதான். அன்றைக்கே பார்த்துவிடலாம்.